பொறுப்புப் பெரியவர்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட் நகரத்து ஏரிக்கரைப் பூங்காவில் மாலைதோறும் கூடிய ஓய்வுபெற்றோர் சபையில் சாதாரண மனிதர் ஒருவர்கூட இருந்ததில்லை. தொண்ணூறுகளின் இறுதியில் பிள்ளைகளின் அழைப்பை ஏற்று வந்து சேர்ந்த தந்தைமார் நாங்கள். ஊரில் துணை மேலாளராக ஓய்வு பெற்றவர் பசிபிக் பெருங்கடலின் மேல் பறந்துகொண்டிருக்கும்போதே மேலாளராகிவிடுவார். உதவிப் பொறியாளராக விமானம் ஏறியவர் தலைமைப் பொறியாளராகத் தரையிறங்குவார். விமான நிலையத்தின் சுங்க அதிகாரிகள் பெட்டியில் ஊறுகாய் இருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்டார்களே தவிர, பதவியைச் சோதிக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை.

நான் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வரலாற்றுத் துறைத் தலைவராக இருந்து, முதல்வர் பணியிடம் நிரப்பப்படாத காரணத்தால் பொறுப்பு முதல்வராக ஓய்வு பெற்றவன். ‘பொறுப்பு’ என்னும் அந்தச் சொல்லை நான் எந்த இடத்திலும் விழுங்கியதில்லை. உள்ளூர்த் தமிழ் அமைப்பு ஒன்றுக்கும் எங்கள் பூங்காச் சபைக்கும் ஒருசேரச் செயலாளராக விளங்கிய வங்கி அதிகாரிக்கு இது பெரிய மனக்குறை.

“சார், அந்தப் பொறுப்பக் கொஞ்சம் எறக்கி வெச்சிடுங்களேன். இங்க யாரு சார் வந்து ரெகார்ட் செக் பண்ணப் போறா?”

“நான் பண்ணுவேன்” என்றேன்.

அன்று தொட்டு அவர் என்னை ‘பிரின்சிபல் சார்’ என்று சத்தமாகவும், ‘பொறுப்பு’ என்று முதுகுக்குப் பின்னாலும் அழைத்துவந்தார். இரண்டாவதில்தான் உண்மை இருந்தது என்பதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

இப்படியிருக்க, நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைக் கண்டேன். மூடப்பட்டுவிட்ட ‘இந்தியன் ஸ்கூல்’ ஒன்றின் பழைய புகைப்படங்களைக் கணினியில் ஏற்றிப் பாதுகாக்கப் போகிறார்கள். பல்கலைக்கழகம் ஒன்றும் அப்பள்ளியில் படித்தவர்களின் குடும்பங்களும் இணைந்து செய்யும் பணி. படங்களின் பின்புறத்தில் உள்ள பழங்காலக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் தேவை. வாழ்நாள் முழுவதும் விடைத்தாள் திருத்தியவனுக்கு எந்தக் கையெழுத்தும் புதிதன்று. மேலும், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பயிர்த்தொழில் செய்யப் பஞ்சாபியர் கலிபோர்னியாவுக்கு வந்ததை நான் அறிந்திருந்தேன். அவர்கள் தம் பிள்ளைகளுக்காக நடத்திய பள்ளியாகத்தான் இருக்கவேண்டும் என்று தீர்மானித்தேன். இத்தனை கோடிப் பேர் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு சொல் வேறு யாருக்கு உரியதாக இருக்க முடியும்?

என் சார்பில் தொலைபேசியவன் மகன்.

“அப்பா, வாய்ஸ் மெயில் விட்டுட்டேன். ஆக்டிங் பிரின்சிபலா ரிட்டயர் ஆனவர், ஓல்டு ஹேண்ட்ரைட்டிங் நல்லா படிப்பார்னு சொன்னேன். பெரியவர்ங்கறதுக்குத்தான் என்ன சொல்றதுன்னு தெரியல. ‘ஓல்டு மேன்’னா மரியாதையா இல்ல. அதனால ‘இந்தியன் எல்டர்’னு சொல்லிட்டேன். ஓகேதானே?”

மரியாதையான சொல்லாகவே பட்டது. மறுநாளே பதில் வந்தது: தங்கள் வருகைக்காக எல்லோரும் ஆவலோடு காத்திருக்கிறோம். ஒரு தன்னார்வலருக்கு இத்தனை ஆவலா என்று நான் கேட்டிருக்கலாம். தகுதி அறிந்த நாடு என்று எண்ணிக்கொண்டேன்.

புறப்படும் நாளில் என் மனைவி வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஏனுங்க, கையெழுத்துப் படிக்கறதுக்குக் கண்ணாடி போதாதுங்களா? கோட்டு எதுக்குங்க?”

“பல்கலைக்கழகம்.”

“செரிங்க. அங்கயாவது நீங்க பேசறத நின்னு கேக்கறாங்களான்னு பாருங்க.”

கேட்டார்கள். அதுதான் தொல்லையாகப் போயிற்று.

ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் ஒரு சமுதாயக் கூடம். வாசலில் என்னை எதிர்கொண்டவர் திட்டத்தை நடத்தும் பேராசிரியை. உள்ளே முப்பது, நாற்பது பேர் இருந்தனர். நான் நுழைந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். பஞ்சாபியர் முகங்களாகத் தெரியவில்லையே என்று ஒரு கணம் தோன்றியது. தலைமுறைகள் கடந்துவிட்டன, தட்பவெப்பம் வேறு என்று சமாதானம் செய்துகொண்டேன். குடும்பங்களின் சார்பில் ஒரு மூதாட்டி முன்வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் என்றும், குடும்பங்கள் அமைத்த குழுவுக்கு அவரே தலைவி என்றும் பிறகு அறிந்தேன். சிவப்பும் கறுப்புமாக நெய்த கனத்த கம்பளி ஒன்றை விரித்து அவர் என் தோள்மீது போர்த்தினார்.

வேறு எந்த நாட்டவராக இருந்தாலும் அந்த இடத்தில் திடுக்கிட்டு ‘இது எதற்கு?’ என்று கேட்டிருப்பார். தமிழ்நாட்டில் பொதுவாழ்க்கை நடத்திய எவனும் கேட்கமாட்டான். மேடையேறினால் பொன்னாடை உண்டு. ஒலிபெருக்கி வைத்தவருக்கே உண்டு. நான் கைகூப்பினேன். நம் பொன்னாடை போர்த்திய மறுகணமே வழுக்கி நாற்காலியின்மேல் விழும். இது விழாமல் நின்றது என்பது மட்டுமே நான் கவனித்த வேறுபாடு. பல்கலைக்கழகத்தின் இணையதளத்தைக் கவனிப்பவர் புதுவகை டிஜிட்டல் கேமராவால் படமெடுத்துக்கொண்டு, அவசர வேலை என்று போய்விட்டார்.

பொன்னாடை பெற்றவன் ஏற்புரை ஆற்றவேண்டும். ஆற்றினேன். “நம் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றார்கள். மாலையில் திரும்பி வந்தபோது நம் மொழியில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள். ஒரு வீட்டுக்குள் தாத்தாவும் பேரனும் ஊமைகளாகிப் போனார்கள்” என்று என் பேரப்பிள்ளைகளை மனத்தில் வைத்துச் சொன்னேன். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்வரிசையில் ஒரு விம்மல் கேட்டது. எத்தனையோ ஆண்டு விழாக்களில் பேசியிருக்கிறேன்; பேச்சு முடிந்ததற்காக அழுதவர் உண்டு, பேச்சுக்காக அழுதவர் இல்லை. அன்று என் ஆங்கிலத்தின்மீது எனக்கே புதிய மதிப்பு உண்டாயிற்று.

உணவின்போது மூதாட்டி என் பக்கத்தில் அமர்ந்தார். அவர் பேசியது ஆங்கிலம். என் காதில் விழுந்த தொனியிலேயே தருகிறேன்.

“எந்த வருஷம் உங்களைக் கொண்டுபோனாங்க?”

“என்னை யாரும் கொண்டுபோகவில்லை. நானே விமானத்தில் வந்தேன்.”

அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். “எந்த ஊர் ஆளுங்க நீங்க?”

“கோயம்புத்தூர்.”

“அது எந்த மாநிலத்துல இருக்கு?”

“தமிழ்நாடு. இந்தியா.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. மூச்சுத்திணறும் அளவுக்குச் சிரித்தார். “அட கடவுளே! கம்ப்யூட்டர் இந்தியனா நீங்க? எங்க பக்கம் உங்களையெல்லாம் அப்படித்தான் சொல்லுவோம்.”

அந்த நேரம்வரை ‘இந்தியன் ஸ்கூல்’ என்பது அமெரிக்கப் பூர்வகுடிகளின் பிள்ளைகளை அடைத்துவைத்த அரசாங்க விடுதிப் பள்ளி என்பது எனக்கு விளங்கவில்லை. ‘எல்டர்’ என்பது அவர்கள் தம் மூத்தோருக்குத் தரும் மரியாதைப் பெயர் என்பதும், கம்பளி போர்த்துவது அவர்கள் செய்யும் சிறப்பு என்பதும்கூட அப்போதுதான் விளங்கின. அவர்களைச் ‘செவ்விந்தியர்’ என்று கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியவன் நான். அவர்கள் வாழ்ந்தார்கள், வென்றடக்கப்பட்டார்கள் என்பதோடு என் பாடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் அவர்கள் இருந்தார்கள் என்று எந்தப் பாடத்திட்டமும் கூறவில்லை.

“அப்போ நீங்க பேசினது யாரைப் பத்தி?” என்று கேட்டார்.

“என் பேரப்பிள்ளைகளைப் பற்றி.”

“அவங்க உங்க பாஷையைப் பேசினா வாயில சோப்பு போட்டுக் கழுவினாங்களா?”

“இல்லை.”

“வீட்டுக்கு விடாம வச்சிருந்தாங்களா?”

“இல்லை. நாங்களே காரில் கொண்டுபோய் விட்டோம். ஆங்கிலம் இன்னும் நன்றாக வரட்டும் என்று பணம் கட்டித் தனி வகுப்புக்கும் அனுப்பினோம்.”

“கேட்டு வாங்கியிருக்கீங்க” என்றார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பிறகு ஒரு படத்தைக் காட்டினார். நீண்ட மேசைகளின் முன் ஒட்ட வெட்டிய தலைமுடியுடன் சிறுமியர் வரிசை. கைகள் முழங்கைவரை தண்ணீரில். பின்புறத்தில் அழகிய சாய்வெழுத்தில் ‘சலவைக் கலை வகுப்பில் மகிழ்ச்சியான மாணவிகள்’ என்று பள்ளி எழுதியிருந்தது. “மூணாவது நிக்கிறது எங்க பெரியம்மா. வகுப்பும் இல்லை, கலையும் இல்லை. வாத்தியாருங்க துணியைத் துவைச்சாங்க. மகிழ்ச்சியை நீங்களே பாத்துக்கோங்க.” பள்ளி எழுதியதை அழித்துவிடாமல், குடும்பங்கள் சொல்வதை அதன் கீழே எழுதி உலகுக்கு வைப்பதே அவர்கள் மேற்கொண்ட பணி.

கம்பளியைக் கழற்றி மடித்து அவரிடம் நீட்டினேன்.

“குடுத்ததைத் திருப்பி வாங்குற பழக்கம் எங்களுக்கு இல்ல. உக்காந்து கையெழுத்தைப் படிங்க. கணக்கு நேராயிடும்.”

அவ்வாறே வாரந்தோறும் சென்று படித்தேன். அந்தக் காலத்து ஸ்கேனர் ஒரு படத்தை விழுங்கிக் கக்குவதற்குள் நான் பின்புறத்தைப் படித்துச் சொல்லி, மூதாட்டி அதை மறுத்துச் சொல்லி, பேராசிரியை இரண்டையும் தட்டச்சு செய்துவிடலாம்.

இங்கே விஷயம் முடிந்திருக்கவேண்டும். ஒரு மாலை செயலாளர் பூங்காவில் ஓட்டமாக ஓடிவந்தார். கையில் வண்ண அச்சுத்தாள்.

“சார்! நெட்ல உங்க ஃபோட்டோ சார்! யூனிவர்சிட்டியே பொன்னாடை போத்தியிருக்கு! எல்டர்னு போட்டிருக்கான் சார், எல்டர்! வாயே தொறக்கலியே நீங்க!”

கம்பளிக்குள் நான் கைகூப்பி நின்ற படம். கீழே ஆங்கிலத்தில்: ‘பள்ளியின் முன்னாள் மாணவரான மூத்த பெரியவர் தம் நினைவுகளைப் பகிர்கிறார்.’ திட்டத்தின் முதற்பக்கமே அதுதான். செயலாளர் ‘எல்டர்’ என்ற சொல்லைத் தவிர வேறெதையும் படிக்கவில்லை. எல்டர் என்றால் செனட்டருக்கு நிகரான பதவி என்று சபைக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை சென்றபோது பேராசிரியையிடம் அதை உடனே மாற்றச் சொன்னேன். அவர் மிகுந்த வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். ஆனால் வெளியிட்ட வரியை உள்ளடக்க மறுஆய்வுக் குழுதான் மாற்றலாம். அக்குழு இன்னும் அமைக்கப்படவில்லை. அதை அமைப்பதற்கான குழு விடுமுறையில் இருந்தது. ஒரு பொய்யை ஏற்றுவதற்குக் கேமராவோடு ஒருவர் போதும். இறக்குவதற்கு இரண்டு குழுக்கள் வேண்டும். நான் பணியாற்றிய கல்லூரியிலும் இதே முறைதான் என்பதால் ஒருவகையில் வீட்டு ஞாபகம் வந்தது.

மூதாட்டி அன்று சிரிக்கவில்லை.

“வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாக் குடும்பமும் வருது. வீட்டுப் பெட்டியில இத்தனை வருஷம் பூட்டி வச்ச படங்களை நம்மகிட்ட குடுக்கலாமா, வேண்டாமான்னு அன்னைக்குத்தான் முடிவு பண்றாங்க. மத்தவங்க நம்மளப் பத்தி எழுதின பொய்யை எடுக்கப் போறோம்னு நான்தான் வீடுவீடாப் போய்ச் சொன்னேன். முதல் பக்கத்துலயே நாமளே எழுதின பொய் நிக்குது. படிச்ச பள்ளிக்கூடமே தெரியாத ஒரு பெரியவர்! ஒருத்தர் கண்டுபிடிச்சாலும் போச்சு; பெட்டியை மூடிட்டுப் போயிடுவாங்க. எங்க பெரியம்மா படத்தைக்கூட அப்புறம் யாரும் நம்ப மாட்டாங்க.”

“நான் என்ன செய்யவேண்டும்?”

“அவங்க கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நீங்க எந்திரிச்சுச் சொல்லணும். எனக்காக இல்ல. அந்தப் பெட்டிங்களுக்காக.”

சொல்வதாக வாக்களித்தேன். ஆனால் செயலாளர் அதற்கு முந்தைய நாளான சனிக்கிழமைக்கே ஏற்பாடு செய்திருந்தார். பக்கத்து ஊரான சன்னிவேலில் உணவகம் ஒன்றின் பின்புறக் கூடம். சுவரில் துணிப் பதாகை: ‘அமெரிக்கப் பல்கலைக்கழகம் போற்றிய முதல்வர் ஐயாவுக்குப் பாராட்டு விழா.’ பொறுப்பைக் காணோம். சாம்பார் வாளிகளுக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் என்னை அமர்த்தினார்கள். மகன் முகத்தில் பெருமை. என் மனைவி முகத்தில் நான் நன்கறிந்த வேறு ஏதோ ஒன்று.

அமெரிக்க மக்களின் பெரியவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தமிழர் என்று என்னை அறிவித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே சொல்லவிருப்பதைச் சனிக்கிழமையே நம்மவரிடம் சொல்வதுதான் முறை என்று எழுந்தேன்.

“அன்பர்களே, இந்தப் பாராட்டுக்கு நான் உரியவன் அல்லன். அவர்கள் என்னை வேறொருவர் என்று எண்ணிப் போர்த்திவிட்டார்கள். அது ஒரு பிழை.”

கைத்தட்டல். செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடுங்காத குறையாக வாங்கினார். “பாத்தீங்களா! இதுதான் ஐயாவோட தன்னடக்கம்!”

“தன்னடக்கம் அன்று. உண்மை. நான் அந்தப் பள்ளியில் படித்தவனே இல்லை.”

“படிக்காமலே பட்டம்! நெறகுடம் சார், நெறகுடம்!”

“நான் முதல்வரும் இல்லை, பொறுப்பு முதல்வர்.”

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. தமிழ் மேடையில் ஒரு மனிதன் தன்னைப் பற்றிப் பொய் சொன்னால் நம்புவார்கள். உண்மை சொன்னால் பணிவு என்பார்கள். இரண்டில் எதைச் செய்தாலும் பொன்னாடை தப்பாது. எனக்கு மூன்று விழுந்தன, மூன்றும் வழுக்கின.

திரும்பும் வழியில், ஃப்ரீவேயின் ஓசைக்கிடையில், என் மனைவி சொன்னார்: “நாளைக்கு அங்க போயும் இதயே சொல்லப் போறீங்களாக்கு? அங்கயும் கை தட்டிப்போட்டா என்னங்க பண்ணுவீங்க?”

அன்று என்னை உண்மையில் அச்சுறுத்தியது அந்தக் கேள்வி ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை கம்பளியை மடித்துக் கையில் எடுத்துச் சென்றேன். கூடம் நிறைந்திருந்தது. சுவரோரமாகவும் மடிமீதும் பெட்டிகள்: தகரப் பெட்டி, காலணிப் பெட்டி, பிஸ்கட் டப்பா. ஒன்றும் திறக்கப்படவில்லை. ஏற்புரையின்போது கண்ணைத் துடைத்துக்கொண்ட முதியவர் அதே முன்வரிசையில், பெட்டியின் மூடிமேல் இரு கைகளையும் வைத்து அமர்ந்திருந்தார். பேராசிரியை கணினியில் முதற்பக்கத்தைத் திறந்து சுவரில் காட்ட, என் உருவம் ஆளுயரத்தில் வந்து நின்றது. மூதாட்டி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

எழுந்து, ஆங்கிலத்தில், அலங்காரமின்றிச் சொன்னேன். “நான் இந்தியன். ஆனால் உங்கள் இந்தியன் அல்லன். இந்தியா என்னும் நாட்டிலிருந்து வந்தவன். இந்தப் பள்ளியில் நான் படித்ததில்லை. பழைய கையெழுத்தைப் படித்துத்தர வந்தேன். படத்தின் கீழே உள்ள வரி தவறானது. உங்களுள் ஒருவருக்கு உரிய இடத்தில் நான் நிற்கிறேன்.”

யாரும் கைதட்டவில்லை. வாழ்நாளில் ஓர் அவை என் சொல்லை அப்படியே நம்பியது அதுவே முதல்முறை என்று நினைக்கிறேன். அந்த அமைதி எனக்குப் பழக்கமில்லாதது; உட்காரலாமா கூடாதா என்றுகூடத் தெரியவில்லை.

முன்வரிசை முதியவர் மெல்ல வாய் திறந்தார். “எப்பவோ ஒரு கப்பல்காரன் வழிதவறி வந்து, எங்களுக்கு உங்க பேரை வச்சுட்டுப் போயிட்டான். இத்தனை காலம் கழிச்சு பேருக்குச் சொந்தக்காரர் தேடிக்கிட்டு வந்திருக்கீங்க. எடுத்துட்டுப் போறீங்களா? நாங்க ரொம்ப உபயோகப்படுத்திட்டோம், கொஞ்சம் தேஞ்சிருக்கும்.”

கூடம் முழுவதும் வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பின்வரிசைப் பெண் ஒருவர் கேட்டார்: “அந்தச் சுவத்துல இருக்கிற வரியை யார் மாத்தறது?”

பேராசிரியை குழுக்களைப் பற்றி விளக்கத் தொடங்கினார். “குழு இங்கதான் உக்காந்திருக்கு” என்றார் மூதாட்டி. பேராசிரியை ஒருமுறை கூடத்தைப் பார்த்தார். பிறகு, மேலிடத்தில் நான் பேசிக்கொள்கிறேன் என்று கூறி, விசைப்பலகையை மூதாட்டியின் பக்கம் தள்ளினார். பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியது என்று நான் எதிர்பார்த்திராத செயல் அது.

மூதாட்டி இரண்டு விரல்களால் தட்டச்சு செய்துகொண்டே கேட்டார். “உங்க மகன் ஃபோன்ல ஏதோ பிரின்சிபல்னு சொன்னாரே. அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னாரில்ல?”

“ஆக்டிங். நிலையான ஒருவர் வரும்வரை அந்த இடத்தைப் பார்த்துக்கொள்பவர் என்று பொருள்.”

“அதுதான் வேணும்.”

தவறான பழைய வரியை அவர் அழிக்கவில்லை; அதன் கீழேயே சுவரில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. ‘மேலே உள்ளது தவறு. இவர் எங்கள் பள்ளியில் படித்தவர் அல்லர். கையெழுத்துப் படிக்க வந்தவர். ஆக்டிங் எல்டர்.’

பொறுப்புப் பெரியவர். என் பணிக்காலம் முழுவதிலும் இத்தனை துல்லியமான பணி நியமனம் எனக்கு வாய்த்ததில்லை. கம்பளியை மீண்டும் நீட்டினேன். “கையெழுத்து இன்னும் நிறைய இருக்கு, வச்சுக்கோங்க” என்றார். பிறகு முன்வரிசை முதியவர் பெட்டியின் மூடியிலிருந்து கைகளை எடுத்தார். அது தகரத்தில் ஒலியெழுப்பித் திறந்தது. அதன்பின் மற்றவையும் திறந்தன. ஸ்கேனரின் முன் ஒரு வரிசை உருவாயிற்று. நான் என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அமர்ந்தேன்.

அந்த வாரமே செயலாளர் புதிய அச்சுத்தாளோடு பூங்காவுக்கு வந்துவிட்டார்.

“சார், எல்டர் அப்படியேதான் இருக்கு! யாரோ மாத்திட்டாங்கன்னு உங்க பையன் சொன்னாரே?”

“எல்டருக்கு முன்னால் ஒரு சொல் இருக்கிறது. சற்று உரக்கப் படியுங்கள்.”

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். “ஆக்… டிங்…” சபை முழுவதும் அண்ணாந்து அவரைப் பார்த்தது. அவர் கண்கள் விரிந்தன. “சார்! ஆக்டிங் வேற பண்றீங்களா சார்? அமெரிக்காக்காரன் படத்துலயா?”

நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அதற்கும் ஒன்று போர்த்தியிருப்பார்கள்.